வெற்று நிலமும் வேற்றுக் கோளும்

விளையாட்டு என்றவுடன் நம் கல்லூரியார் உள்ளத்தே முற்படத் தோன்றுவன பந்தும் மட்டையும் ஓட்டப் பந்தயமுமேயாம். எனினும், இருந்த இடம் பெயராது அறிவினாற் பொருதும் ஆட்டங்களும் பண்டுதொட்டே உளவாதல் சதுரங்கத்தால் விளங்கும். அச்சதுரங்கத்தின் வழித்தோன்றல்கள் எனத்தக்க புதுவகை ஆட்டங்கள், சென்ற நாற்பது ஆண்டுகட்குச் சற்று மேற்பட்ட காலத்துள் மேனாடுகளிற் கிளைத்து, இந்நாளில் நம் விடுதி அறைகளிலும் இடம்பெற்றுவிட்டன. அவற்றுள் ஒரு கிளையே ஈண்டு ஆராயப்படுவது. அஃதாவது, மண்ணுலகை விட்டு நீங்கி, வேற்றுக் கோள்களிற் குடியேறி, ஆண்டு நீரும் காற்றும் உணவும் உண்டாக்கி, ஊர் சமைத்து நாடு வளர்க்கும் ஆட்டங்களாம். இவற்றுட் சில கணிப்பொறியில் ஆடப்படுவன; சில பலகையின்மேற் சீட்டும் காயும் கொண்டு ஆடப்படுவன.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என வினவுவாரும் உளர். ஒரு செய்யுளை உணர விரும்புவார் அதன் சொற்பொருளோடு நில்லாது யாப்பினையும் நோக்கல் வேண்டும் என்று நம் ஆசிரியர்கள் கற்பிக்கின்றனர். ஆட்டத்திற்கு யாப்பாவன அதன் விதிகள். பெட்டியின்மேல் எழுதப்பட்ட கதை ஒன்று சொல்ல, உள்ளிருக்கும் விதிகள் பிறிதொன்று சொல்லுதல் உண்டு. அப்பொழுது ஆடுவோர் உள்ளத்திற் பதிவது விதிகள் சொல்லுவதே. ஆதலின் இக்கட்டுரையிற் கதைகளைக் காட்டினும் விதிகளையே பெரிதும் நோக்குவாம்.

இவ்வகை ஆட்டங்கட்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரின் வரலாறு சுவையுடையது. 1993-ஆம் ஆண்டில் 'மாஸ்டர் ஆஃப் ஓரியன்' என்னும் விண்மீன் ஆட்டத்தைக் குறித்து அமெரிக்க இதழொன்றில் எழுதிய ஆலன் எம்ரிக் என்பார், அதன்கண் ஆடுவோர் செய்யும் தொழில்களை நான்கு சொற்களில் அடக்கினார். நான்கும் 'எக்ஸ்' என்னும் ஒலியோடு தொடங்குவன ஆதலின் 'ஃபோர் எக்ஸ்' என்பதே அவ்வகைக்குப் பெயராய் நிலைத்தது. மோனை கெடாது தமிழிற் சொல்வதாயின் அறிதல், அகலுதல், அகழ்தல், அழித்தல் எனலாம். காணாத இடத்தைத் துருவி அறிதல், எல்லை அகலுதல், நிலத்தின் வளத்தை அகழ்ந்து கொள்ளுதல், எதிர்நின்றாரை அழித்தல். இவற்றுள் 'அகழ்தல்' என்பது மூலச் சொல்லின் பொருளை முற்றும் கொள்ளாது என்பதை ஒப்புக்கொள்ளுகின்றேன். அவ்வாங்கிலச் சொல்லில் நிலத்தைப் பயன்கொள்ளுதலோடு பிறரைச் சுரண்டுதல் என்னும் நிழலும் படிந்துள்ளது.

அந்நிழலே நம் ஆராய்ச்சிக்குத் தோற்றுவாய். முதல் மூன்று தொழில்களையும் எவரும் நாணாது சொல்லுவர். ஆயின் அகலுதற்கு இடம் வேண்டும். அவ்விடத்தே முன்னரே ஒரு குடி வாழ்ந்துகொண்டிருப்பின் யாது செய்வது? 1994-இல் வெளிவந்த 'காலனைசேஷன்' என்னும் ஆட்டம் மண்ணுலகிலேயே நிகழ்வது. ஆடுவோர் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், இசுபானியர், ஒல்லாந்தர் என்னும் நால்வருள் ஒருவராய் அமெரிக்காவிற் கரையிறங்குகின்றார். ஆங்குத் தொல்குடிகள் எண்மர் உளர். அவரொடு வாணிகம் செய்யலாம், அவரிடம் பயிர்த்தொழில் கற்கலாம், வேண்டின் அவர் ஊரை எரித்துப் பொருளைக் கவரலாம். கரும்பு உண்டு, புகையிலை உண்டு, பருத்தி உண்டு. அவற்றைக் குருதி சிந்தி விளைவித்த ஆப்பிரிக்க அடிமைகள் மட்டும் அவ்வாட்டத்தில் எங்கணும் இலர். 2002-இல் தோன்றிப் பெரும்புகழ் பெற்ற 'புவர்த்தோ ரீக்கோ' என்னும் பலகை ஆட்டத்தில், தோட்டங்களில் உழைக்கும் பழுப்பு நிற வட்டுகளுக்குக் 'குடியேறியோர்' என்று பெயரிட்டிருந்தனர். அத்தீவின் வரலாறு அறிந்தோர் அப்பெயரை ஏலாமையால், 2022-இல் வந்த புதிய பதிப்பு, அடிமைமுறை ஒழிந்த பின்னதாகிய 1897-ஆம் ஆண்டில் கதையை அமைத்துக்கொண்டது.

நிலம் வெறுமையாய் இருந்தது என்னும் புனைவு ஆட்டங்கட்கு மட்டும் உரியதன்று. ஆஸ்திரேலியா எவர்க்கும் உரித்தல்லாத நிலமாய்க் கிடந்தது என்னும் கொள்கையை அந்நாட்டு உயர்நீதிமன்றம் மாபோ வழக்கில் ஒதுக்கித் தள்ளியது 1992-இல்தான். இருநூறு ஆண்டுகள் சட்டமே விளையாடிய ஆட்டம் அது எனின் மிகையாகாது.

வேற்றுக் கோள்களுக்குப் பெயர்ந்த ஆட்டங்கள் இவ்விடர்ப்பாட்டினின்று தப்பிவிட்டன போலத் தோன்றும். செவ்வாயில் விரட்டுதற்கு எவரும் இலர். ஆங்கு இறங்கும் குடியேறி எவர் கண்ணீருக்கும் ஆளாகாது உழலாம், கட்டலாம், மகிழலாம். இவ்வாட்டங்களின் கவர்ச்சியிற் பெரும்பகுதி இம்மாசின்மையே என்று எண்ணுகின்றேன். ஆயின் சிறந்த ஆட்டங்கள் அவ்வளவில் நம்மை விட்டுவிடவில்லை. அயலான் யார் என்னும் வினாவைக் கதவின் வழியே வெளியேற்றினால், அது சாளரத்தின் வழியே மீண்டும் உள்ளே வந்துவிடுகின்றது. அது வரும் வகைகளை மூன்று ஆட்டங்களிற் காண்பாம்.

முதலாவது, 1983-இல் வெளிவந்த 'மியூல்'. அமெரிக்காவில் ஆர்க்கன்சா மாநிலத்து லிட்டில் ராக் நகரில் இயங்கிய ஓசார்க் சாஃப்ட்ஸ்கேப் என்னும் சிறு குழுவினர் இயற்றியது. அக்குழுவின் தலைவர் அந்நாளில் டான் பண்டன் என்றும், பின்னாளில் டேனியல் பண்டன் பெர்ரி என்றும் அறியப்பெற்றவர், 1998-இற் காலமானார். மியூல் என்பது ஆங்கிலத்திற் கோவேறு கழுதையைக் குறிக்கும் சொல். ஈண்டோ அது நான்கு காலால் நடந்து நிலத்தில் உழைக்கும் பொறி ஒன்றின் பெயர். ஆட்டம் நிகழும் கோள் 'இராட்டா'. அடாரி என்னும் கணிப்பொறியின் பெயரை எழுத்தெழுத்தாய்ப் பின்னிருந்து படித்தால் இப்பெயர் கிடைக்கும். ஆசிரியர்க்கு நகைச்சுவை குறைவன்று.

நால்வர் ஒரே திரையின்முன் கூடியிருந்து ஆடுவர். ஆள் குறைந்தவிடத்தைப் பொறியே நிரப்பும். கோளின் நிலம் 44 மனைகளாகப் பகுக்கப்பட்டு, நடுவே கடை ஒன்று நிற்கும். ஊடே ஓர் ஆறு ஓடும். ஆற்றங்கரை மனைகள் உணவு விளைவிற்கும், சமவெளி ஆற்றல் உண்டாக்குதற்கும், மலைநிலம் 'ஸ்மித்தோர்' என்னும் கனிமம் எடுத்தற்கும் ஏற்றவை. திணைக்கேற்ற தொழில் என்னும் முறைமை நமக்குப் புதிதன்றே. ஒவ்வொரு சுற்றிலும் நிலம் பெறுதல், பொறியை வாங்கி நிலத்தில் நிறுத்துதல், விளைவு காணல், பின்னர் ஏலம் எனத் தொழில்கள் நிகழும். முழு ஆட்டம் பன்னிரண்டு சுற்றுகளில் முடியும்.

இவ்வாட்டத்தின் நுட்பம் பண்டங்களின் பிணைப்பில் உள்ளது. உணவு குறைந்தவர்க்கு அடுத்த சுற்றில் உழைக்கும் நேரம் குறையும். ஆற்றல் குறைந்தவரின் பொறிகள் வாளாநின்றுவிடும். ஸ்மித்தோர் கடைக்கு வாராதொழியின் கடைக்காரர் புதிய பொறிகள் செய்ய இயலாது. அப்பொழுது பொறியின் விலை ஏறி, ஈற்றில் எவர்க்கும் பொறி கிடையாது போம். இனி, ஒருவர் உணவு முழுவதையும் பதுக்கி, ஏலத்தில் விலையை வானளாவ உயர்த்துகின்றார் எனக் கொள்வோம். அவ்வேலமே காணத்தக்க காட்சி. விற்போர் திரையின் மேலும் வாங்குவோர் கீழும் நின்று, ஒருவரை நோக்கி ஒருவர் அடியடியாய் நகர்வர். இருவரும் சந்திக்கும் இடமே விலை. பதுக்கினவர் மேலேயே நின்றுகொண்டு இறங்க மறுத்தால் ஏனையோர் பசியோடு அடுத்த சுற்றிற் புகுவர். அவர்தம் நிலங்கள் தரிசாகும். அவர் தோண்டி விற்க வேண்டிய கனிமம் கடைக்கு வாராது. பதுக்கினவர்க்கே அடுத்த பொறி கிடையாது. பன்னிரண்டாம் சுற்றின் முடிவிற் கப்பல் திரும்பி வந்து கணக்கெடுக்கும்பொழுது, நால்வருள் மிக்க செல்வர் யார் என்பதோடு குடியேற்றம் முழுவதும் எவ்வளவு செழித்தது என்பதும் எண்ணப்படும். குடியேற்றம் நலிந்ததாயின், நலிந்தோருள் முதல்வர் என்னும் பட்டமே வென்றவர்க்கு எஞ்சும்.

அதனால் இஃது ஈகையை மட்டும் கற்பிக்கும் ஆட்டம் என்று கருதற்க. அளவான பதுக்கலால் உறுதியாகவே ஊதியம் உண்டு. அயலாரைச் சற்றே தளரவிடாமல் எவரும் முதலிடம் எய்தல் அரிது. எவ்வளவு தளரவிடலாம் என்பதே ஒவ்வொரு சுற்றிலும் ஆடுவோரை வாட்டும் வினா. இவ்விழுபறியை நீக்கிவிட்டு அறத்தை மட்டும் வைத்திருப்பின் ஆட்டம் சுவையற்றதாயிருக்கும். பொருளாசையை மட்டும் வைத்திருப்பின் அது வேறெந்த ஆட்டத்தையும் போன்றதாயிருக்கும்.

மற்றும் ஒரு விதி கருதத்தக்கது. தீ, பூச்சி, கடற்கொள்ளையரை ஒத்த விண்கொள்ளையர் என எதிர்பாரா நிகழ்ச்சிகள் இடையிடையே வரும். தனியொருவர்க்கு வரும் நிகழ்ச்சிகளிற் கடைசியில் நிற்பவர்க்குத் தீங்கும், முதலில் நிற்பவர்க்கு நற்பேறும் வாரா. ஏலத்தில் இருவர் ஒருங்கே ஒரு பொருளை நாடின், பின்தங்கியவர்க்கே அது சேரும். நண்பர் சிலர் கூடி இதனை ஆடியபொழுது, முன்னிற்பவர் இவ்விதி முறைகேடு என்றும் பின்னிற்பவர் இதுவே முறை என்றும் நெடிது வாதிட்டனர். அடுத்த ஆட்டத்தில் இருவரும் இடம் மாறவே, வாதமும் அவரொடு இடம் மாறிற்று.

இனிச் செவ்வாய்க்குச் செல்வாம். சுவீடன் நாட்டு ஜேக்கப் ஃபிரிக்ஸேலியஸ் என்பார் இயற்ற, அவர்தம் உடன்பிறந்தாரோடு நடத்தும் ஃபிரிக்ஸ்கேம்ஸ் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட 'டெராஃபார்மிங் மார்ஸ்' பலகையின்மேல் ஆடப்படுவது. ஒருவர் முதல் ஐவர் வரை ஆடலாம். ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு வாணிக நிறுவனம். அனைவர்க்கும் பொதுவாகிய குறிக்கோள் மூன்று: வெப்பத்தை உறைநிலைக்குக் கீழ் 30 பாகையிலிருந்து மேல் 8 பாகைக்கு உயர்த்தல், காற்றில் உயிர்வளியை 14 விழுக்காடாக்கல், ஒன்பது கடல்களை நிரப்பல். மூன்றும் நிறைந்த சுற்றோடு ஆட்டம் முற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் 'தலைமுறை' என்று பெயரிட்டிருத்தல் போற்றத்தக்கது. நட்டவர் காய் பறிக்கும் வேலையன்று இஃது என்பதை அவ்வொரு சொல் உணர்த்திவிடுகின்றது.

சீட்டுகள் இருநூற்றுக்கு மேற்பட்டவை. அவற்றின் நிபந்தனைகளை வரிசைப்படுத்திப் பார்த்தாலே ஓர் உலகம் உயிர்பெறும் முறை விளங்கும். பாறைமேற் படரும் கற்பாசியை இடுதற்குக் குளிர் உறைநிலைக்குக் கீழ் 24 பாகை அளவிற்கேனும் தணிந்திருத்தல் வேண்டும். நீர்ப்பாசிக்கு ஐந்து கடல்கள் வேண்டும். மீனுக்கு வெப்பம் உறைநிலைக்கு மேல் 2 பாகையை எட்ட வேண்டும். பறவைக்கோ உயிர்வளி 13 விழுக்காடு வேண்டும். ஆட்டம் முடியுந் தறுவாயில்தான் செவ்வாய் வானில் சிறகு தோன்றும். மீனும் பறவையும் தோன்றும்பொழுது பயிர்விளைவு சிறிது குறையும் என்பதும் விதி. அக்குறை இட்டவரின் விளைவிலேயே நிகழவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. தன் மீனுக்குப் பிறன் பாசியை இரையாக்கலாம்.

உண்மைச் செவ்வாய் இத்துணை எளிதில் இணங்காது. அதன் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழ் ஏறத்தாழ 60 பாகை. காற்றழுத்தம் நம் உலகத்ததில் நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. அக்காற்றிலும் 95 விழுக்காடு கரியமில வளி. புரூஸ் ஜக்கோஸ்கி, கிறிஸ்டபர் எட்வர்ட்ஸ் என்னும் அறிஞர் இருவர் 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வெப்பத்தைப் பொதிந்து காத்தற்கு வேண்டும் அளவு கரியமில வளி செவ்வாயில் எஞ்சியில்லை என்றும், ஆதலின் இக்காலத்துக் கருவிகளால் அதனை நம் உலகைப்போல் ஆக்கல் இயலாதென்றும் முடிவுகூறினர். ஆட்டத்திற்கு இது குறையன்று. சதுரங்கத்து யானையும் உண்மை யானையைப்போல் நடப்பதில்லை.

கருதத்தக்கது பிறிதொன்று. வெப்பத்தையோ உயிர்வளியையோ ஒரு படி உயர்த்தியவர்க்கு, அல்லது ஒரு கடலை அமைத்தவர்க்கு, உலகப் பேரரசு ஒன்று தரப்புள்ளி வழங்கும். அப்புள்ளியே ஒவ்வொரு தலைமுறையும் அவர்க்கு வருவாயாகவும், ஈற்றில் வெற்றியின் அளவாகவும் அமையும். பொதுப்பணி செய்தலே தன் செல்வத்திற்கு வாயில். கடல்கள் எவர்க்கும் உரியனவல்ல; அவற்றின் கரையில் எவர் எதனை அமைப்பினும் அவர்க்குச் சிறு பொருள் கிடைக்கும். நகரம் அமைத்தவரோ, அதனைச் சூழ்ந்த பசுநிலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி பெறுவர். அப்பசுநிலத்தை நட்டவர் யாராயினும் ஆகுக. அயலார் நட்ட சோலையின் நிழல் என் நகர்க்கும் விழுகின்றது. மறுபுறம், செவ்வாயின் துணைக்கோள்களுள் ஒன்றாகிய டெய்மோசையே கோளின்மேல் வீழ்த்தும் சீட்டும் உண்டு. வெப்பம் மூன்று படி உயரும்; வீழ்த்தியவர்க்கு எஃகு கிடைக்கும்; மற்றொருவர் சேர்த்துவைத்த பயிர்களில் எட்டு வரை அழியும். உலகிற்கு நன்மை, வீழ்த்தியவர்க்கு ஊதியம், அயலார் ஒருவர்க்கு மட்டும் கேடு. இச்சீட்டைக் கையிற் பெற்றவர் அதனை இடாது வைத்திருத்தலை நான் இதுகாறும் கண்டதில்லை.

நிறுவனங்களே செவ்வாயைப் பங்கிடும் இக்கதை வெறுங்கற்பனை அன்று. 1967-இல் நடைமுறைக்கு வந்த விண்வெளி உடன்படிக்கை, திங்களையோ வேறு கோள்களையோ எந்நாடும் ஆட்சியுரிமை கூறியோ, பயன்படுத்தியோ, குடியமர்ந்தோ தனதாக்கிக்கொள்ளுதல் கூடாதென விதிக்கின்றது. நிலம் எவர்க்கும் உரியதன்று. ஆயின் அந்நிலத்தினின்றும் தோண்டி எடுத்த பொருள்? 2015-இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் அது தோண்டிய குடிமக்கட்கு உரியதாகலாம் என்கின்றது. அத்தகைய தோண்டுதல் தன்னளவில் உடன்படிக்கைக்கு மாறாகாது என்னும் கருத்துடைய ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டில் 2023 ஜூன் திங்களில் நம் இந்தியாவும் கையெழுத்திட்டது. பெட்டிக்குள்ளிருக்கும் விதிகளை மட்டும் நோக்கினாற் போதாது என்பதற்கு இது சான்று. வெளியிலும் விதிகள் எழுதப்பட்டுக்கொண்டிருக்கின்றன.

மூன்றாவது ஆட்டமே இவற்றுள் தலையாயது என்பது என் துணிபு. 1991-இற் சிட் மையர் இயற்றிய 'சிவிலைசேஷன்' ஆட்டத்தில், ஏறத்தாழ 4.4 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஆல்ஃபா சென்டாரி விண்மீனுக்கு முதற்கலம் அனுப்பினவர் வெல்வர். அங்குச் சென்றபின் நிகழ்ந்தது யாது என்னும் வினாவிற்கு விடையாக 1999-இல் ஃபிராக்சிஸ் நிறுவனம் உருவாக்கியது 'சிட் மையரின் ஆல்ஃபா சென்டாரி'. மையர் பெயர் தாங்கினும், இதனை வகுத்தவர் பிரயன் ரெய்னால்ட்ஸ். மேற்கூறிய 'காலனைசேஷன்' ஆட்டத்தை வகுத்தவரும் அவரே. முன்னதில் விடுபட்டதை அவர் பின்னதில் எண்ணிப் பார்த்தாரோ என நினைக்கத் தோன்றுகின்றது.

'யூனிட்டி', அஃதாவது ஒற்றுமை, என்னும் பெயருடைய கலம் உலக நாடுகளின் சார்பில் அனுப்பப்படுகின்றது. கோளை அணுகும் வேளையிற் கலம் பழுதுறத் தலைவரும் கொல்லப்படுகின்றார். ஒற்றுமை என்னும் கலத்தினின்றும் இறங்கியோர் ஏழு கூறாய்ப் பிரிகின்றனர். அப்பிரிவு நாட்டாலன்று, கொள்கையால். இயற்கையைப் போற்றுவோர், தனிமனிதனைக் கூட்டத்துள் கரைப்போர், ஆராய்ச்சியே உயிரெனக் கொண்டோர், வாணிகர், படைமறவர், சமயப்பற்றாளர், அமைதி காப்போர் என எழுவகையினர். அமைதி காப்போர்க்குத் தலைவர் பிரவீண் லால் என்னும் இந்திய மருத்துவர்.

சமயப்பற்றாளரின் தலைவியாகிய மிரியம் காட்வின்சனைப் பற்றி ஒருசொல். விதிகள் அவர்க்கு ஆராய்ச்சியிற் பின்னடைவும் தாக்குதலில் 25 விழுக்காடு மிகுவலியும் தந்துள்ளன. சமயத்தார் அறிவிற்குப் பகைவர், போருக்கு நண்பர் என்னும் தேய்ந்த கருத்தின் எதிரொலி இது. கிறித்தவ மாணவர் எவரும் இதனைக் கண்டு முகஞ்சுளித்தல் இயல்பே. ஆயின் ஆட்டத்தின் இடையே புதிய கண்டுபிடிப்புகள் தோன்றுந்தோறும் தலைவர் ஒருவரின் மொழி திரையில் ஒலிக்கும். அவற்றுட் கருவிகளுக்கு மனிதன் அடிமையாதலைக் குறித்து எச்சரிக்கும் ஆழ்ந்த மொழிகள் பல மிரியம் வாயினவே. யாப்பு அவரைச் சிறுமைப்படுத்த, சொல் அவரை உயர்த்துகின்றது. முன்னர்க் கூறியவாறு விதிகளே வெல்லும் எனினும், ஈண்டு அவை எளிதில் வென்றுவிடவில்லை.

ஏழு கூற்றாரும் இறங்கிய நிலம் வெறுமையானது போலவே காணப்படும். செந்நிறப் பூஞ்சைப் படலம் ஒன்று ஆங்காங்கே படர்ந்திருக்கும். அதனூடே நடத்தல் கடினம். அது தொடக்கத்தில் உண்ணவும் உதவாது. ஆதலின் ஆடுவோர் அதனைக் களையென்று எண்ணி அகற்றுவர். கழனி சமைப்பர், சுரங்கம் தோண்டுவர், மலையையே உயர்த்துவர். மலை உயர்த்துதலின் விதி நுட்பமானது. இக்கோளிற் காற்று மேற்கிலிருந்து வீசும். மலையின் மேற்சரிவில் மழை மிகும், கீழ்ச்சரிவு வறளும். ஆகவே என் எல்லையில் நான் ஒரு மலைத்தொடரை எழுப்பின், கிழக்கே வாழும் அயலாரின் மழையை அம்பொன்றும் எய்யாமற் கவர்ந்துவிடலாம். போர் அறிவிக்கப்படுவதில்லை, வயல் மட்டும் காயும்.

தோண்டுதலும் ஆலைகளும் மிகுந்துழி, ஊர் ஒவ்வொன்றிலும் சூழற்கேட்டின் அளவை ஓர் எண் காட்டும். அவ்வெண் ஏறுந்தோறும் பூஞ்சை புதிதாய் முளைக்கும். அதனின்றும் மனப்புழுக்கள் கூட்டமாய் எழுந்து ஊரைத் தாக்கும். அவற்றின் முன் படைக்கலத்தின் வலிமை கணக்கில் வாராது. நிற்பவரின் உளத்திண்மையே கணக்கு. கேடு பின்னும் மிகுமாயிற் கடல்மட்டம் உயர்ந்து கரையோர ஊர்கள் மூழ்கும். ஆடுவோர் இவற்றைத் தொடக்கத்தில் விலங்கின் சீற்றம் என்றே கொள்வர். நெடிது ஆடியபின் உண்மை புலனாகும்: கோள்முழுதும் படர்ந்த அப்பூஞ்சை ஒரே உள்ளத்தின் நரம்புகள். களையென அகற்றியது அயலாரின் உடல். வெறுமையென எண்ணிய நிலத்தில் ஒருவர் இருந்தார்; நிலமே அவர்.

இதனை உணர்ந்த பின்னர் விதிகளும் மாறுகின்றன. கோளைப் பற்றிய அறிவு வளர வளர, முன்னர் ஒன்றுக்கும் உதவாத பூஞ்சைநிலம் உணவும் ஆற்றலும் மிகுதியாய்த் தருகின்றது. சிற்சில வேளைகளிற் கழனியினும் மேம்படுகின்றது. கோளோடு இணங்கி வாழ்வோர் மனப்புழுக்களைப் பகையாக அன்றித் துணையாகவும் பெறலாம். ஏனைய அறுவரையும் வென்றடக்கி முடிசூடல் ஒருவகை வெற்றி. அக்கோளின் உள்ளத்தோடு மனித உள்ளம் கலந்து மேனிலை எய்தல் மற்றொருவகை. பின்னதே ஆட்டத்தின் உயர்ந்த முடிவாக வைக்கப்பட்டுள்ளது. 'அழித்தல்' என்னும் நான்காம் எக்ஸின் இடத்தே 'அளவளாவுதல்' என ஒன்று வந்துவிட்டது. நல்வினையாக இதற்கும் மோனை பொருந்துகின்றது.

2014-இல் இதே நிறுவனத்தார் 'பியாண்ட் எர்த்' என்னும் பெயரால் ஏறத்தாழ இதே பொருளை மீண்டும் எடுத்தனர். புதுநிலத்தை நம் உலகைப்போல் மாற்றல், நம்மை அந்நிலத்திற்கேற்ப மாற்றல், பொறியோடு ஒன்றி இரண்டனையும் கடத்தல் என மூன்று நெறிகளை அதில் வகுத்தனர். வகுப்பு நன்று; அழகும் உண்டு. ஆயினும் எழுவர் தலைவரின் குரல்கள் எழுப்பிய மனக்கலக்கத்தை அது எழுப்பவில்லை.

இம்மூன்று ஆட்டங்கட்கும் பொதுவாகிய குறை ஒன்றைச் சொல்லாது விடலாகாது. ஆடுவோர் நூற்றாண்டுகள் வாழும் மூவாத் தலைவர். அவர்க்குக் குடிமக்கள் எண்கள்; ஓர் ஊரில் மூவர் குறைந்தால் எண்ணில் மூன்று குறையும், அவ்வளவே. இக்குறையைச் சிறிது நிரப்புவது, பல்கேரியா நாட்டு ஹெமிமான்ட் கேம்ஸ் நிறுவனம் இயற்றி 2018-இல் வெளிவந்த 'சர்வைவிங் மார்ஸ்'. குடியேற்றத்தைப் புரக்கும் நாடுகளுள் இந்தியாவும் ஒன்றாக அதில் இடம்பெற்றுள்ளது. கண்ணாடிக் கவிகைமாடத்துள் வாழும் ஒவ்வொருவர்க்கும் பெயர் உண்டு, அகவை உண்டு, தொழிலும் குணமும் உண்டு. நீர்க்குழாய் ஒன்று உடைந்தால் இன்னார் தாகத்தால் இறந்தார் என்றே செய்தி வரும்.

மண்ணுலகிற் பிறந்து ஆங்கு வந்தோர்க்கு வாழ்க்கை வசதி குறையுமாயின் ஊர்நினைவு நோய் பற்றும். அந்நோய் கொண்டவர், அடுத்த ஏவூர்தி திரும்பும்பொழுது எவர் சொல்லும் கேளாது அதில் ஏறிவிடுவர். ஆடுவோர் அவரைத் தடுக்க வழியில்லை. செவ்வாயிலேயே பிறந்த குழந்தைகட்கு அந்நோய் வருவதில்லை. பெற்றோர் ஏறிச் சென்ற பின்னும் அவர்கள் கவிகைமாடத்துள்ளேயே வளர்ந்து, பள்ளி சென்று, உரிய அகவையில் ஆங்கேயே வேலைக்கும் செல்லுகின்றனர்.